கேட்டில் தொங்கிய பைகள்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் லீலா மீன் பையைக் காலடியில் வைத்துவிட்டுத் தேநீரை உறிஞ்சினாள். பேருந்து ஓட்டுநர்; இன்று அவளுக்கு விடுமுறை. எதிரில் பல்கலைக்கழக ஆய்வாளர் தர்ஷனா.

வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாவற்றையும் படித்துவிட்டு வாயே திறக்காதவர்களைப் பற்றியது அவள் ஆய்வு. அவர்கள் மெல்ல உறவை விட்டு விலகுகிறார்கள் என்பது ஒரு கட்சி; அப்படிச் சொல்லிவிட முடியாது என்பது மறு கட்சி. தர்ஷனா முதல் கட்சி. அதற்குத் தம்பி மிதுனனும் ஒரு காரணம். அப்பாவின் வீட்டை விற்றபோது மூண்ட சண்டைக்குப் பின், குடும்பக் குழுவில் அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை. படித்துவிட்டான் என்பதற்கு நீல டிக் மட்டும். வேடிக்கை பார்க்க ஒரு தம்பி எதற்கு? இன்று அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவதாக இருந்தாள்.

"குரூப்ல ஏன் எதுவுமே எழுத மாட்டேங்கிறீங்க?"

"பஸ் ஓட்டிக்கிட்டே டைப் பண்ணா வேலை போயிடும் லா!" லீலா சிரித்தாள். "பிரேக்ல படிப்பேன். சித்திக்குக் காய்ச்சல்னு போட்டிருந்தா, போற வழியில கஞ்சி வாங்கி அவங்க கேட்ல மாட்டிட்டுப் போயிடுவேன்."

"பெல் அடிக்க மாட்டீங்களா?"

"அடிச்சா பேசணுமே. எனக்கும் அவங்களுக்கும் ஏழாம் பொருத்தம்."

தர்ஷனாவின் பேனா நின்றது.

செம்பவாங்கில் அவள் வீட்டுக் கேட்டிலும் பைகள் தொங்கியதுண்டு. அம்மாவுக்கு வாய் கசக்கிறது என்று குழுவில் எழுதினாள். எலுமிச்சை ஊறுகாய் வந்தது. முழங்கால் வலி என்றாள், தைலம். அம்மா சொல்லிக் கேட்டுப் பக்கத்து வீட்டு ரபியா வைத்தது என்று நினைத்து, பதிலுக்கு வடை சுட்டுக் கொடுத்தாள்.

வீடு திரும்பியதும் ரபியாவின் கதவைத் தட்டினாள்.

"ஊறுகாயா? நான் வைக்கலயே!"

"அப்போ நான் குடுத்த வடை?"

"சும்மா குடுக்குறீங்கன்னு நினைச்சேன். நிறுத்திடாதீங்க லா!"

குழுவில் மற்றவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவன் மிதுனன் ஒருவன்தான். அவன் வீடு இருக்கும் குவீன்ஸ்டவுனிலிருந்து தீவின் இந்தக் கோடிவரை வந்து, கதவருகே நின்று, பேசாமல் திரும்பியிருக்கிறான். எத்தனை முறையோ.

குழுவைத் திறந்தாள். நீக்குவதற்காக அவன் பெயரை அழுத்தவில்லை. எழுதினாள்: "அம்மாவுக்குத் தைலம் தீர்ந்துடுச்சு. மிதுனன், கேட்ல மாட்டாதே. பெல் அடி."

டிக் நீலமானது.

அவள் எழுந்துபோய்க் கேட்டின் பூட்டைத் திறந்து வைத்தாள். பிறகு அரிசி டின்னைத் திறந்து சோற்றுப் பானையில் இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள்.

"யாரு வர்றா?" என்றாள் அம்மா.

"பெல் அடிச்சாத்தான் தெரியும்மா."