மெத்தையின் மூலை மடிப்பு

ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு விற்கிறேன். வருஷத்தில் நூறு ராத்திரி ஹோட்டலில்தான் தூக்கம். அடிக்கடி தங்குகிறவர்களுக்கு ஹோட்டல் தரும் பிளாட்டினம் கார்டு எனக்குச் சும்மா வரவில்லை. கொடைக்கானலில் ஏரியைப் பார்த்த சூட்டே கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே சூட்டைப் பெருக்கியவள் நான் என்று ரிசப்ஷனில் ஒருத்தருக்கும் தெரியாது.

காலையில் கை சும்மா இருக்கவில்லை. படுக்கையை நானே விரித்துவிட்டு பால்கனியில் நின்றேன். அறையைச் சுத்தம் செய்ய வந்தவள், அந்தக் காலத்தில் என்னோடு வேலை பார்த்த உம்மு ஹபீபா. மெத்தையின் மூலையைத் தொட்டதுமே, என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"மகாராணி, நீதானடி? இந்த மடிப்பு வேற யாருக்கும் வராதே."

"சாயங்காலம் லவுஞ்சுக்கு வா. என் கார்டுக்கு ஒரு கெஸ்ட் ஃப்ரீ."

"ஐயோ, திட்டுவாங்கடி."

"எவன் திட்டுறான்னு பார்ப்போம்."

நாலரைக்கு யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு வந்தாள். லவுஞ்ச் வாசலில் மேனேஜர் பாலகுமார் என் கார்டுக்குக் கும்பிடு போட்டார். அவளைப் பார்த்ததும், "மேடம், இவங்க நம்ம ஸ்டாஃப்..." என்று இழுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே போய் சன்னலோர சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நாலு மணிக்கே டூட்டி முடிஞ்சு கையெழுத்துப் போட்டுட்டேன் சார். இப்ப கெஸ்ட். ஒரு டீ சொல்லுங்க, சர்க்கரை கம்மியா."