கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான்

அம்சத்தின் விரல்களைத் தொடுதிரை மதிப்பதில்லை. முப்பது வருஷம் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்துக் காய்த்துப்போன விரல்கள். செல்போனைத் தட்டுவாள், தேய்ப்பாள், கடைசியில் திட்டுவாள். அது அசையாது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் கயல்விழி, காலேஜில் படிக்கும்போது வாங்கி அலமாரியில் போட்டு வைத்திருந்த சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுல நிஜமான பொத்தான் இருக்கும்மா. அழுத்தினா கேக்கும்."

கேட்டது. கேட்கக் கூடாததையும் கேட்டது. அதை வடிவமைத்த புண்ணியவானுக்குக் கட்டைவிரல் கிடையாது போலிருக்கிறது. கேமராவை ஒரு கையால் பிடித்தால் கட்டைவிரல் போய் உட்காரக்கூடிய ஒரே இடத்தில் வீடியோ எடுக்கிற சிவப்புப் பொத்தானை வைத்திருந்தான். படமெடுக்கும் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம்; அதில் விரல் பட்டால் தூரத்தில் மேய்கிற மாடு பாய்ந்து முகத்துக்கு நேரே வந்துவிடும். உடம்பு முழுக்கச் சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பு.

வழவழப்புக்கு அவள் புருஷன் செல்லதுரை வழி கண்டுபிடித்தான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பிடிக்கிற பக்கம் ஒட்டினான். சிவப்புப் பொத்தான் மேலும் ஒரு துண்டு ஒட்டிப் பார்த்தான். பொத்தான் அமுங்கியபடியே கிடக்க, பேட்டரி செத்துப்போனது. துண்டைப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள்.

தீபாவளிக்கு வந்த கயல்விழி மெமரி கார்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நாப்பத்திமூணு வீடியோ. எல்லாத்துலயும் உன் கால்தான் ஹீரோ."

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. குடவாசலுக்குத் தெற்கே அவர்கள் குத்தகைக்குப் பயிரிட்டிருந்த இரண்டு ஏக்கர் சம்பாவும் தண்ணீருக்குள் போனது. ஐந்தாம் நாள் காலை, பயிர்ச் சேதம் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ராம்கி என்கிற இளைஞன் வந்தான். வெள்ளை ஷூ. அன்றைக்குள் பதினாலு ஊர் முடிக்க வேண்டுமாம். தார் ரோட்டில் நின்றபடியே அட்டையில் எழுத ஆரம்பித்தான்.

"அரை அடி தண்ணி."

"எது சார் அரை அடி?" என்றாள் அம்சம்.

"அதான் நுனி தெரியுதே."

"அது மேட்டு ஓரம் சார். நடு வயலுக்கு வாங்க, காட்டுறேன்."

"இங்கேர்ந்தே தெரியுதும்மா."

அம்சம் விடவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் கேமராவோடு வரப்பில் இறங்கி நடந்தாள். நாலு படம் எடுத்தாள். ராம்கிக்கு என்ன தோன்றியதோ, தானும் போனில் ஒரு படம் எடுத்தால் வேலை முடியும் என்று பின்னாலேயே வந்தான். வெள்ளை ஷூவும் ஊறிப்போன வரப்பும் ஒத்துப்போகவில்லை. அம்சம் திரும்பிப் பார்ப்பதற்குள் கைகள் இரண்டையும் விரித்து, கொக்கு இறங்குகிற மாதிரி வயலுக்குள் இறங்கிவிட்டான். போனும் கூடவே போனது.

"ஐயோ தம்பி!" என்று குடையை எறிந்துவிட்டு அவள் கை கொடுத்தாள். 'சார்' எப்போது தம்பியானான் என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்து துண்டும் செல்லதுரையின் லுங்கியும் கொடுத்து டீ போட்டுத் தந்தாள். அட்டை மட்டும் ரோட்டோரம் பைக்கில் பத்திரமாக இருந்தது. அதில் 'அரை அடி'யும் பத்திரமாக இருந்தது. போனைக் குலுக்கினால் தண்ணீர் சொட்டியது.

"படம் இல்லாம ரிப்போர்ட் ஏத்துக்க மாட்டாங்கம்மா. நீங்க எடுத்ததைக் குடுப்பீங்களா?"

"தாராளமா."

மூன்று பேரும் கேமராவைக் குனிந்து பார்த்தார்கள். முதல் நாலும் நல்ல படங்கள். ஐந்தாவது வீடியோ. கட்டைவிரல் தன் வழக்கமான வேலையைக் காட்டியிருந்தது. குடை விளிம்பு, வரப்பு, வெள்ளை ஷூ, அப்புறம் ராம்கி. விழுந்து எழுந்து நின்றபோது தண்ணீர் அவன் தொடையைத் தாண்டியிருந்தது. காலைச் சுற்றிப் பயிரின் ஒரு நுனிகூட வெளியே இல்லை.

செல்லதுரை டீயைக் குடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தான், விழுங்கினால் சிரித்துவிடுவான்.

"தம்பி, நீங்க என்ன உயரம்?" என்றாள் அம்சம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போல.

"அஞ்சே முக்கால் அடி." அவன் முகம் சிவந்தது. அப்புறம் அவனே சிரித்துவிட்டான். செல்லதுரைக்குப் புரையேறியது. ராம்கி போய் அட்டையை எடுத்துவந்து, அரை அடியை அடித்துவிட்டு, இரண்டே முக்கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"அம்மா, அந்த வீடியோவை மட்டும்..."

"அழிச்சிடலாம்."

அழிப்பது லேசாக இல்லை. குப்பைத்தொட்டிப் பொத்தான் கடுகளவு. அழுத்தினால் 'வேண்டாம்' என்பதில்தான் போய் நிற்கும். பக்கத்துப் பொத்தானைத் தட்டி நகர்த்தி, நடுப்பொத்தானை அழுத்த வேண்டும். எடுப்பதற்கு எதுவும் கேட்காத கேமரா, அழிப்பதற்கு ஆயிரம் கேட்டது. அம்சம் மூன்று தடவை தவறவிட்டாள். வேண்டுமென்றே தவறவிடுகிறாளோ என்று ராம்கி பார்த்தான். நாலாவது தடவை வீடியோ போய்விட்டது. செல்லதுரைதான் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஊருல ஒருத்தன் நம்புவானா இப்ப?"

ராம்கி கிளம்பவில்லை. அட்டையைப் பின்னால் புரட்டினான். இதே ஊரில் காலையிலிருந்து ரோட்டில் நின்றே எழுதிய மூன்று பேரின் வயல்கள் அதில் இருந்தன. முதல் பெயரின் மேல் விரலை வைத்தான்.

"பஞ்சநதம் வயல் எந்தப் பக்கம்மா?"

"ஏரிக்கரை ஓரம். ஏன்?"

"நீங்களும் வாங்க. கேமராவை எடுத்துக்குங்க."

பதினாலு ஊரில் அன்றைக்கு நாலுதான் முடிந்தது. மேலே இருந்து அவனுக்கு நல்ல திட்டு விழுந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. தை மாதம் வந்த சேதப் பட்டியலில் அம்சத்தின் பெயர் இருந்தது. பஞ்சநதம் பெயரும் இருந்தது. அழுகிப்போன பயிரை உழுது போட்டுவிட்டு, அம்சம் அந்த இரண்டு ஏக்கரிலும் உளுந்து தெளித்தாள். முளை கண்ட அன்று வரப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.