காஸ்டிக் கோடு போடாது

…இந்தக் கைதான், வலது கை, மைக்கைப் பிடித்திருக்கிறதே அது, மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, வேர்க்கடலை அளவுதான், அது போய்விட்டால் ஒரு வருஷத்துக்குக் காபிக் கோப்பைகூடத் தூக்க முடியாது, நான் ஒருத்தனுக்கு உடைத்திருக்கிறேன், மிட்செல் தெரு பாரில், என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான், இவன் கை அவன் கையைவிட மெலிசு, இரண்டு நொடி வேலை… எமெட் என்று பேர், என் மகள் கோரினை வருகிற மாதம் கட்டிக்கொள்ளப் போகிறவன், வாரம் முழுக்க இந்த பியர் ஆலையில் தொட்டி கழுவுகிறான், சனிக்கிழமை மதியம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறான், ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளரில் பியரை ஊற்றிக் கொடுத்து, "மில்வாக்கில பொறந்தவங்க கைய தூக்குங்க, உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேணாம், தாய்ப்பாலுக்கு முன்னாடியே உங்களுக்கு இதத்தான் ஊத்தியிருப்பாங்க" என்கிறான், கூட்டம் சிரிக்கிறது, நான் சிரிக்கவில்லை, என் டம்ளரில் ரூட் பியர், பேரில் மட்டும்தான் பியர், குடித்தால் இருமல் மருந்து, ஆறு வருஷமாக இதுதான். "வாப்பா, வந்து அவன் எப்படின்னு பாரு" என்று கோரின்தான் போனில் கூப்பிட்டாள், நாலு வருஷமாக என் வாசலை மிதிக்காதவள், நான் வந்தேன், வந்து பார்த்தது அவனை இல்லை, அவள் சட்டையை. ஆகஸ்ட் மாதம், தெருவில் தார் இளகிக் கிடக்கிறது, இவள் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் நிற்கிறாள். என் பெண்டாட்டி டோலொரெஸ் ஆகஸ்ட் மாதத்துப் பூசைக்கு முழுக்கைதான் போடுவாள், பாதிரியார் கேட்டால் வெயில் ஒத்துக்கொள்ளாது ஃபாதர் என்பாள், அந்தச் சட்டைக்கு உள்ளே என்ன இருந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? திருடனுக்குத்தானே தெரியும் எந்தப் பூட்டு லொடலொட என்று.

மாவு அரைக்கிற அறைக்குள் போகிறோம், பதினைந்து பேர், அதில் ஆறு பேர் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணும் தோழிகளும், கல்யாணத்துக்கு முன்னால் கூத்தடிக்க வந்தவர்கள், மார்புக்குக் குறுக்கே பட்டை கட்டியிருக்கிறார்கள், நடுவில் இருப்பவள் இப்போதே தள்ளாடுகிறாள், பேக்கர்ஸ் ஃபுட்பால் டீம் தொப்பி போட்ட கிழவன் ஒருத்தன் "தம்பி, கத போதும், அடுத்த ரவுண்டு எப்ப?" என்று கேட்டுக்கொண்டே வருகிறான், எமெட் வறுத்த பார்லியை ஒரு கைப்பிடி அள்ளி நீட்டுகிறான், கடித்துப் பாருங்கள் என்கிறான், நான் எதற்குக் கடிக்க, இருபத்தெட்டு வருஷம் இந்த வாசனையைத் தலைமயிரில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனவன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆலையில், அங்கே இப்படிப் பளபளவென்று இருக்காது, தரை முழுக்கத் தண்ணீர், பூட்ஸுக்குள் தண்ணீர், விரலிடுக்கெல்லாம் புண், ஆனால் இடைவேளை அறையில் ஒரு குழாய் இருந்தது, திறந்தால் பியர், எவ்வளவு வேண்டுமானாலும், வேலை நேரத்தில், சும்மா, யூனியன் சண்டை போட்டு வாங்கித் தந்த உரிமை, காலை ஆறு மணிக்கு முதல் டம்ளர், இரண்டு மணிக்குக் கழுத்து வரை, அதோடு வீட்டுக்கு… வீட்டில் டோலொரெஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள், நான் ஏதோ கேட்பேன், என்ன கேட்பேன்? உப்பு எங்கே, கடிதம் வந்ததா, யார் போன் பண்ணினார்கள், எதுவாக இருந்தால் என்ன, அவள் பதில் சொல்வாள், நான் திரும்பக் கேட்பேன், அவள் அதே பதிலைச் சொல்வாள், அப்போது "ஒரு தடவ சொன்னா புரியாதா உனக்கு?" என்பேன், அதுதான் மணி, அது அடித்தால் கை வரும், அவளுக்குத் தெரியும், நான் கையைத் தூக்குமுன்பே அவள் தாடை இடது தோளில் போய் ஒட்டிக்கொள்ளும், கண் மூடும், ஆனால் கத்தி நிற்காது, உரித்துக்கொண்டே இருப்பாள், தோல் அறுந்து விழாமல் ஒரே சுருளாக இறங்கும். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வெறி ஏறும்.

"அப்பா, என்ன மூஞ்சிய இப்படி வெச்சிருக்க, யாரையோ பொதைக்க வந்தவன் மாதிரி?" என்று கோரின் காதருகில் சொல்கிறாள், புதைக்கத்தான் வந்திருக்கிறேன் மகளே, குழி எங்கே என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சுகிற அறை, கொப்பரை கொதிக்கிறது, நீராவி முகத்தில் அறைகிறது, கல்யாணப் பெண்ணின் கண்மை கன்னத்தில் வழிகிறது, எல்லாரும் விசிறிக்கொள்கிறார்கள், கோரினும் தாங்க முடியாமல் பொத்தானைக் கழற்றுகிறாள், ஒரு கை, மடிக்கிறாள், முழங்கை வரை, நான் மூச்சு விடவில்லை, இன்னொரு கை… ஒன்றும் இல்லை. வெள்ளை வெளேரென்று, ஒரு நகக்கீறல்கூட இல்லை. அப்படியானால் விலாவில் அடிக்கிறான், நானும் கடைசி வருஷங்களில் அப்படித்தான், முகத்தில் பட்டால் அண்டை வீட்டுக்காரி கேட்பாள், விலா பேசாது, இவனும் கற்றுக்கொண்டுவிட்டான் போல, ஆனால் விலாவில் வாங்குகிறவள் இப்படி நிமிர்ந்து நிற்க மாட்டாள், இருமும்போது ஒரு கை தன்னால் பக்கவாட்டுக்குப் போகும், இவள் சிரிக்கிறாள், வயிறு குலுங்க, எங்கேயும் பிடிக்கவில்லை. வலது கையில் மட்டும் நடு விரல்முட்டி இரண்டிலும் பிளாஸ்திரி. "என்ன அது?" "கார் கதவுப்பா." "கார் கதவு முட்டியிலயா நசுக்கும்? விரல் நுனியிலதான நசுக்கும்?" "உனக்கு எல்லாத்துலயும் விசாரண" என்று கையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்தக் கை… ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு பயல் இவள் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான் என்று அழுதுகொண்டு வந்தாள், நான் அடுக்களையில் மண்டிபோட்டு இவளுக்குக் கை மூடக் காட்டிக்கொடுத்தேன், கட்டைவிரல் வெளியில, உள்ள வெச்சா ஒடஞ்சிடும், முட்டி ரெண்டும் முன்னால, இங்க அடி, என் உள்ளங்கையில அடி, இன்னும், இன்னும், டோலொரெஸ் உதட்டில் தையலோடு அடுப்பருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தக் குட்டிக் கை என் உள்ளங்கையில் விழுந்த சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது புளிக்க வைக்கிற அறை, குளிர், எஃகுத் தொட்டிகள் வரிசையாக, ஆள் நுழைகிற அளவுக்கு வட்டக் கதவு ஒவ்வொன்றிலும், இதுதான் சரியான இடம் என்று தோன்றியது, எல்லாரும் மாடிக்குப் போன பிறகு, எமெட், இங்க ஒரு நிமிஷம் வா என்று கூப்பிட்டு, கையை அந்தக் கதவு விளிம்பில் வைத்து, என் தோளால் ஒரே தள்ளு, வேர்க்கடலை என்ன, முழு மணிக்கட்டும் அவல், பெரிய ஆலையில் ரூடி என்று ஒருத்தன், தொட்டியில் காற்று இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் கதவுக் கைப்பிடியைத் திருகினான், கதவு தெறித்து வந்து தாடையை எடுத்துக்கொண்டு போனது, பல்லை நாங்கள் வடிகாலில் பொறுக்கினோம், அதற்கப்புறம் நான் அவனுக்கும் சேர்த்துக் குழாயைத் திறந்து குடித்தேன், வீட்டுக்குப் போனேன், அன்றைக்கு டோலொரெஸ் என்ன கேட்டாள்… வேண்டாம். எமெட் தொட்டியைத் தட்டுகிறான், "பியர் காய்ச்சறவன் யாருன்னு கேட்டா எல்லாரும் நெஞ்ச நிமித்துவாங்க, நெசத்துல நாங்கல்லாம் தொட்டி கழுவறவங்க, பத்து மணி நேர வேலைல எட்டு மணி நேரம் கழுவறதுதான், சுடுதண்ணி, காஸ்டிக் சோடா, மறுபடி சுடுதண்ணி" என்கிறான், சரியாகத்தான் சொல்கிறான், பயல் வேலைக்காரன்தான், கல்யாணப் பெண்ணின் தோழிகளில் ஒருத்தி "உன் கையில என்ன அது, புலி கடிச்சிதா?" என்று கேட்கிறாள், அவன் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டுகிறான், இடது முன்கை, வெளிப்புறம், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, இன்னும் செம்மை போகாத தழும்பு. "இதுவா? போன மாசம் காஸ்டிக் தெறிச்சது. இதுதான் எங்க ஊர் பச்ச குத்தறது, காசு கேக்க மாட்டாங்க" என்றான். சிரிப்பு. "அப்ப எனக்கும் ஒண்ணு குத்து, ரெண்டு பியரோட" என்றான் தொப்பிக் கிழவன். நான் முன்னால் போனேன், ஆட்களை விலக்கிக்கொண்டு, கிட்டே போய்ப் பார்த்தேன்.

காஸ்டிக் எனக்குத் தெரியும். அது பட்டால் முதலில் வலிக்காது, சோப்பு மாதிரி வழவழ என்று இருக்கும், அந்த வழவழப்பு உன் தோல்தான் என்று புரிவதற்குள் உள்ளே போய்விடும், சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும், வழிந்து இறங்கும், என் இரண்டு கையிலும் இருக்கிறது, கரையான் அரித்த பலகை மாதிரி, ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. இவன் கையில் இருந்தது இரண்டு நேர்கோடு. அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி, இரண்டும் போய் ஒரு முனையில் சேர்கிறது, படகின் மூக்கு மாதிரி. இஸ்திரிப் பெட்டி. தானே சுட்டுக்கொண்டால் உள்ளங்கையில் படும், விரலில் படும், முன்கையின் வெளிப்புறத்தில் எப்படிப் படும்? நானே யோசிக்காமல் என் இடது கையைத் தூக்கிப் பார்த்தேன், முகத்துக்கு முன்னால், யாராவது எதையாவது கொண்டு முகத்துக்கு வந்தால் தூக்குவோமே, அப்படி, ஆமாம், அந்த இடம்தான், சரியாக அதே இடம். வெளியூர்க்காரனிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான், தொட்டி கழுவினவனிடம் போய் காஸ்டிக் என்கிறானே மடையன்… எதற்குப் பொய்? சட்டை தேய்க்கும்போது பட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாமே? டோலொரெஸும் அப்படித்தான், மாடிப்படி என்பாள், நாங்கள் இருந்தது தரைத்தளம். அப்போது கோரின் பின்னாலிருந்து வந்தாள், எமெட் தோளில் பார்லி உமி ஒட்டியிருந்தது, தட்டிவிடக் கையைத் தூக்கினாள், அவ்வளவுதான், உமிக்காகத் தூக்கின கை, எமெட்டின் தாடை இடது தோளில் போய் ஒட்டிக்கொண்டது, கண் மூடியது, வாய் நிற்கவில்லை, "பன்னெண்டு நாள் இந்தத் தொட்டில தூங்கும், அதுக்கப்புறம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான், ஒரு சொல்கூட அறுந்து விழவில்லை, ஒரே சுருளாக இறங்கியது. கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவன் அங்கே ஒருத்தன்தான் இருந்தான்.

மாடியில் நீள மேசை, ருசி பார்க்கிற நேரம், நான் உட்கார்ந்தேன், குளிர் இன்னும் உடம்பை விடவில்லை, கோரினின் முழுக்கைச் சட்டை எதற்கு என்று புரிந்தது, கீழே அந்தக் குளிர் அறைக்காக, அவளுக்கு இந்த இடம் பழக்கம், அவ்வளவுதான், நான்தான் அந்தச் சட்டைக்குள் ஒரு பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கோரின் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், சின்ன வயசில் உட்கார்வது மாதிரி, "என்னப்பா, என் ஆளு எப்படி?" "நல்லாப் பேசறான்." "பேச்சுதான். வீட்டுல கொஞ்சம் மந்தம். நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தாள், என் சிரிப்பு, கீழ்ப்பல் தெரிகிற சிரிப்பு, என்ன செய்ய, போலீசுக்கா சொல்ல? டோலொரெஸை அடக்கம் பண்ணின அன்றைக்கு சவப்பெட்டி பக்கத்தில் இவள் என்னிடம் வந்து, ஒன்ன மாதிரி ஒருத்தன மட்டும் கட்டிக்க மாட்டேம்ப்பா என்றாள், சொன்ன சொல் தவறவில்லை. எமெட் தட்டோடு வந்தான், நாலு சின்ன கிளாஸ், கறுப்பு, சிவப்பு, மஞ்சள், கலங்கல், எனக்கு இன்னொரு ரூட் பியர். "எப்படி இருந்திச்சி சார் சுத்திப் பாத்தது?" "சார் போடாத, நான் ஒன் சூப்பர்வைசர் இல்ல" என்றேன், அப்புறம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், இருபத்தெட்டு வருஷம் அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாரும் மூடிக்கொண்டுதானே இருந்தார்கள், எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது, ஆனால் வாய் திறந்துவிட்டது. "கையில அது காஸ்டிக் இல்ல தம்பி. காஸ்டிக் கோடு போடாது."

எமெட் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான், டாக்டர் கேட்டபோது டோலொரெஸ் என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வை, இப்ப நான் என்ன சொல்லணும் என்று கேட்கிற பார்வை. தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிச் சிணுங்கின. "என்னப்பா சொல்ற?" என்றாள் கோரின், குரல் உயரவில்லை, தாழ்ந்தது, எனக்கும் தாழும், அதுதான் அடையாளம். "காஸ்டிக்குன்னு அவன்தான் சொன்னான்ல?" "சொன்னான்." "அப்பறம்?" "இல்ல, நான் பாத்த வரைக்கும் காஸ்டிக்…" "ஒரு தடவ சொன்னா புரியாதா உனக்கு?" மேசைமேல் அவள் வலது கை மூடிக்கொண்டது, பிளாஸ்திரி இரண்டும் இழுபட்டு வெளுத்தன, கட்டைவிரல் வெளியில், சரியாக, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. தொப்பிக் கிழவன் அந்தக் கோடியிலிருந்து "தம்பி, இங்க ஒரு மனுஷன் தாகத்துல சாவறான்" என்று கத்தினான், யாரோ சிரித்தார்கள், அவள் கை திறந்தது, நீண்டது, என் முகத்தைத் தாண்டித் தட்டுக்குப் போனது, கறுப்பு கிளாஸை எடுத்தது, அவ்வளவுதான், ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டாள், "இது நல்லாருக்கு" என்றாள், எமெட் கண்ணைத் திறந்தான். நான் எதையோ சொல்ல அவள் பக்கம் திரும்பப் பார்த்தேன், கழுத்து வரவில்லை, அப்போதுதான் கவனித்தேன், என் தாடை இடது தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது, எப்போது போய் ஒட்டியது…