நான்கு விரல் இடைவெளி

அண்ணி எதன் மேல் உட்கார்ந்தாலும் அவளுக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கும். நாற்காலி, கட்டில், பஸ் சீட், வெறும் தரை, எதுவானாலும் அதே அளவுதான். ஆரம்பத்தில் பார்க்க வந்தவர்கள் குனிந்து கையை நுழைத்து, காற்று வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் குறையில்லை என்றார். மிதப்பது சுகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாங்கிக்கொள்ள அடியில் ஒன்றும் இல்லாததால் உடம்பின் பாரமெல்லாம் காலிலேயே நின்றது. உட்கார்ந்தாலும் நின்ற வலிதான்.

அவளும் அவள் புருஷனின் தங்கையும் ஒரே ஜவுளிக்கடையில் ஒரே பிரிவில் வேலை செய்தார்கள். சின்னவள் வாய்க்கு வாய் அண்ணி என்று கூப்பிட்டதால் தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை விற்பனைப் பெண்கள் நின்றே ஆக வேண்டும். பிறகு, கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. மேனேஜர் பிரிவுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே. உட்காராதே என்று அவர் வாயால் சொல்லவில்லை. கேமராவை மட்டும் நாற்காலி பக்கம் திருப்பி வைத்தார். பெண்களும் தினமும் காலையில் அந்த உறைகளைத் துடைத்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார்கள். சட்டம் வந்தும் கால்வலி போகவில்லை.

சின்னவள் வயிற்றுப் பிள்ளைக்காரி. ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில், வீங்கிய காலோடு உறையைக் கிழித்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். வாடிக்கையாளரிடம் மரியாதை இல்லாமல் பேசினாள் என்று காரணம் சொன்னார்கள். அவள் நேராக லேபர் ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். விசாரிக்க இன்ஸ்பெக்டர் கடைக்கு வரும் அன்று காலை, நான் இருக்கேன், பயப்படாதே என்று அண்ணிதான் தைரியம் சொல்லி அவளைக் கூட்டிப் போனாள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் அவள் ஒருத்தி. அவள் சொல்வதில்தான் சின்னவளின் வேலை இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேர் வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அண்ணியின் மனதில் ஓடியது. அது பொய்க் கணக்கும் இல்லை. “உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல சார்,” என்றாள். “இவளுக்குத்தான் வாய் கொஞ்சம் ஜாஸ்தி.”

சின்னவள் கீழே விழுந்திருந்த துணியை, வேலை போனவள் என்பதையும் மறந்து, எடுத்து மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள். இன்ஸ்பெக்டர் கிளம்பியதும் மேனேஜர் மனம் குளிர்ந்து, நீ உட்காரும்மா என்றார். அண்ணி அன்றுதான் முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்காரப் போனாள். நாற்காலி அவளைத் தொடவில்லை.

மேனேஜருக்கு இது வசதியாகப் போயிற்று. மாற்றிப் போட்ட புது உறை கசங்குவதில்லை. இடைவெளி தெரியாத பக்கமாக நின்று அவளைப் படம் எடுத்து, ஊழியர்கள் உட்காருகிறார்கள் என்று லேபர் ஆபீசுக்கு அனுப்பினார். அண்ணி வெட்கத்தில் செத்துப் பிழைத்தாள். வீட்டில் சின்னவள் திட்டியிருந்தால் அதைத் தின்று செரித்திருப்பாள். அவளோ தட்டை வைத்து, சாப்பிடுங்க அண்ணி என்றாள்.

பிள்ளை பிறந்து, தவழ்ந்து, சின்னவளின் புகார் வழக்காகித் தொழிலாளர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அண்ணி யாரும் கூப்பிடாமலே போய்ச் சாட்சி சொன்னாள். நீதிபதி உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே சொன்னாள்: “நான் சொன்னது பொய் ஐயா. உக்காந்தா வேலை போயிடும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். என் வேலை போயிடுமோன்னு இவ வேலையைக் கொடுத்துட்டேன்.” பிள்ளைத்தாய்ச்சியை வேலையைவிட்டு எடுத்தது சட்டப்படி குற்றம் என்று தீர்ப்பாயிற்று. சின்னவள் திரும்ப வேலையில் சேர்ந்தாள். உறைகள் போயின, பெண்கள் உட்கார்ந்தார்கள். உண்மை சொன்னவள் இனி சரியாக உட்காருவாள் என்று தெருவே வாசலில் கூடியது. அண்ணி உட்கார்ந்தாள். நான்கு விரல் அப்படியே இருந்தது. சொல்லிவிட்ட உண்மை, சொல்லிவிட்ட பொய்யைச் சொல்லாததாக ஆக்கும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை போலிருக்கிறது. கூட்டம் கலைந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனது.

பேச்சு வந்த வயதில் பிள்ளை ஒருநாள் கேட்டது: “அம்மா, அத்தை மட்டும் ஏன் இப்படி உக்காருறாங்க?” தரைக்கு மேலே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் அவள் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். சொல்லட்டும், பிள்ளைக்கும் தெரியட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அத்தை அப்படித்தான் உக்காருவாங்க,” என்றாள்.

பிள்ளை சரி என்று பந்தை உருட்டிவிட்டது. பந்து அண்ணிக்குக் கீழே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. அதை எடுத்து வரப் பிள்ளை ஓடியது.