பதினோராம் பிரிவு

...முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று, அந்தக் கடைசிக் கை என்னுடையது, நானே தூக்கி நானே எண்ணினேன், விவசாய அமைப்பின் செயலாளர் என்றால் அப்படித்தான், மீதி ஐந்து பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள், வாய்க்காலின் கடைசி ஐந்து வயல்காரர், முன்வரிசையில் காரைதீவுத் தம்பிமுத்து, கதவடியில் சபியா உம்மா. தீர்மானம் ஒரே வரி: குளத்தில் தண்ணீர் போதாது, இன்றிலிருந்து கடைசி மதகை மூடுவது. ஒரு வரி எழுத எவ்வளவு நேரம்? அவர்களுடைய நெல் குடலையில், கதிர் வெளிவரும் பருவத்தில் நிற்கிறது, இன்னும் இரண்டு முறை தண்ணீர் கிடைக்காவிட்டால் பதர்தான்... என் வயல் மேலே, மூன்றாவது. மூடினால் எனக்கு நல்லது. பிறகு ஏன் கை எழுத மறுக்கிறது, தூக்கும்போது மறுக்கவில்லையே?

“என்ன மச்சான், பேனையில மை முடிஞ்சிட்டா?” மேல் வயல்காரன் றிபாஸ்தான், எல்லாரும் சிரிக்கிறார்கள். தலைவர் ஜவுபர் காக்கா மணிக்கூட்டைப் பார்க்கிறார். “கையொப்பத்தப் போடு தம்பி, கந்தோர் பூட்டமுதல் குடுக்கணும்.” என் கையொப்பம் இல்லாமல் நீர்ப்பாசனக் கந்தோர் அதிகாரிகள் மதகை மூடமாட்டார்கள். கொழும்பில் இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன், கையெழுத்து நல்லம் என்று இந்தக் கதிரையில் இருத்தினார்கள், யாப்பை, அமைப்பின் சட்டவிதிகளை, எழுதச் சொன்னார்கள், வேறொரு ஊர் அமைப்பின் யாப்பைப் பார்த்து எழுதினேன், ஒரு வரிகூட யோசிக்கவில்லை. பதினோராம் பிரிவு, எந்தத் தீர்மானமும் ஓர் அங்கத்தவரின் வயலுக்குரிய நீரை முற்றாக நிறுத்தலாகாது. யாப்பை ஏற்ற அன்றைக்கும் கை தூக்கினோம், நாற்பத்தாறு பேரும், பெட்டிஸ் கடித்துக்கொண்டே. வாசித்தபோது யாராவது கேட்டார்களா? நானாவது கேட்டேனா?... கேட்காவிட்டால் என்ன, எழுதினது எழுதினதுதான்.

“இத எழுதேலாது காக்கா,” என்றேன், குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது, புத்தகத்தின் முன்பக்கத்தை விரித்துப் பதினோராம் பிரிவை வாசித்தேன். ஆளாளுக்கு எழும்பினார்கள். நாற்பத்தொரு பேர் பெரிசா, உன்ட கொப்பி பெரிசா? “முறை வெச்சுப் பாய்ச்சுவம், எல்லாருக்கும் கொஞ்சம் காயும், என்டதும் காயும்,” என்றேன். றிபாஸ் லேசான ஆள் இல்லை. “அப்ப அந்தப் பிரிவ வெட்டுவம், தூக்குங்க கைய!” வெட்டலாம், மூன்றில் இரண்டு பேர் போதும், ஆனால் பதினான்கு நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்றேன், அதுவும் பார்த்து எழுதினதுதான். அதுவரை மதகை மூடமுடியாது, பதினான்கு நாளில் ஒரு தண்ணீர் பாய்ந்துவிடும். மற்றதற்கு? ஜவுபர் காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “அப்ப அறிவித்தல எழுது.” எழுதினேன், திகதியோடு.

சபியா உம்மா கிட்ட வந்தா, நன்றி சொல்லப் போகிறா என்று நினைத்தேன், மடையன். “நீயும் கை தூக்கினாய்தானே மனே?” ஓம், என்றேன். அவ செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டா. அறிவித்தலின் அடியில் கையொப்பமிட்டேன், எழுத்து நேராக வந்தது... பதினான்கு நாள், என் வரம்பு வெடிக்கத் தொடங்கியிருக்கும், மண்டபம் இதேபோல நிறைந்திருக்கும், நான் எண்ணத் தொடங்குவேன், ஒன்று, இரண்டு... நாற்பதுக்குப் பிறகு?