கல்லில் வெட்ட மூன்று எழுத்து

சட்டையில் குத்தும் சின்னத் தங்க வில்லை ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, திருமதி டிரிப் தன் மகனோடு படித்த லெமுவெலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதில் மூன்று எழுத்துகள். அவளுடைய ஒரே மகன் அன்செல் காய்ச்சலில் செத்துக் கிடந்தபோது அவன் சட்டையில் இருந்தது அது.

"வட்டத்துக்கு நடுவுல ஒரு கோடு. அப்புறம் கூரை மாதிரி ஒண்ணு. அப்புறம் வெறும் வட்டம்," என்றாள். "எங்க ஊர்ப் பாதிரியார்கிட்ட காட்டினேன். கிரேக்க எழுத்துன்னார். எதுக்குன்னு அவருக்கும் தெரியல. உனக்குத் தெரியுமில்ல தம்பி?"

"தெரியும்மா. ஆனா வெளியில சொல்லக் கூடாது. பைபிள்மேல கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கோம்."

"பெத்தவகிட்டகூடவா?"

லெமுவெல் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "சங்கத்துல கேக்கறேன்மா. எல்லாரும் சம்மதிச்சா சொல்லலாம்."

"கேளு. நான் இங்கதான் இருப்பேன்." சோளம் அறுக்கிற காலத்தில் பண்ணையைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு, கால்வாய்ப் படகிலும் கோச்சு வண்டியிலுமாக இடுப்பொடிய வந்தவள். மகன் வாடகைக்கு இருந்த வீட்டிலேயே தங்கியிருந்தாள். அவன் செத்த அறை அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது.

ஓஹாயோவின் அந்தக் கல்லூரியில் பையன்களுக்கு ரகசியச் சங்கம் என்றால் உயிர். வாத்தியார்கள் கூடாது என்று சொல்லச் சொல்லத்தான் இன்னும் முளைக்கும். முன்பெல்லாம் லத்தீனில் நீளமாகப் பெயர் வைத்துக்கொண்டு விவாதம் பேசுகிற சங்கங்கள்தான் இருந்தன. கதவு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் போய்க் கொட்டாவி விடலாம். பிறகு வந்தவை வேறு மாதிரி. கிரேக்கத்தில் ஒரு வாசகம் எழுதுவார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தை மட்டும் எடுத்துச் சங்கத்துக்குப் பெயராக வைத்துவிடுவார்கள். எழுத்தை ஊரே பார்க்கலாம், வாசகம் உள்ளே இருப்பவனுக்கு மட்டும். மீசை அரும்புகிற வயதுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அன்செலையும் லெமுவெலையும் எந்தச் சங்கமும் சேர்த்துக்கொள்ளவில்லை. அன்செல் முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டைக்காரன், லெமுவெல் நாலு பேர் முன்னால் பேசினாலே திக்குகிறவன். "அவனுங்க என்னடா நம்மள சேத்துக்கறது, நாமளே ஒண்ணு வெச்சுக்குவோம்," என்றான் அன்செல். சேணக் கடை மாடியில் உட்கார்ந்து, அகராதியைப் புரட்டி, அவனே வாசகம் எழுதினான். ஃபை, லாம்டா, ஓமிக்ரான். நண்பன் எவனும் கைவிடப்படுவதில்லை என்று அர்த்தம். எழுதி முடித்துவிட்டு, "என்னடா, கண்ணு கலங்குது?" என்று லெமுவெலைக் கிண்டல் செய்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சங்கத்தில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் காய்ச்சல் வந்தது. கல்லூரியை மூடினார்கள், எல்லோரும் ஊருக்கு ஓடினார்கள். கடைசியில் மிச்சம் அவர்கள் இருவர்தான். அன்செலுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்ததும் லெமுவெல் சொன்னான்: "அப்பாவோட வண்டியை எடுத்துக்கிட்டு நாளைக்கே வந்துடறேன். எங்க வீட்டுக்குப் போயிடலாம்." வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்தான். சுங்கப் பாலத்தில் எதிரே சவப்பெட்டி ஏற்றிய வண்டி வந்தது. அதைப் பார்த்ததும் குதிரையைத் திருப்பிவிட்டான். அன்செல் ஐந்தாம் நாள் செத்தான். வீட்டுக்காரி கதவுக்கு வெளியே சூப்பை வைத்துவிட்டுப் போனதோடு சரி, பக்கத்தில் யாருமில்லை. இது தாய்க்குத் தெரியும். பாலம் வரை வந்து திரும்பியவன் ஒருவன் உண்டு என்பதுதான் தெரியாது.

வாசகம் தெரிந்தால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று லெமுவெலுக்குத் தெரியும். அப்ப நீங்கள்லாம் எங்கடா இருந்தீங்க?

காய்ச்சல் அடங்கிக் கல்லூரி மறுபடி திறந்திருந்தது. சங்கத்துப் பையன்கள் அன்று மதியமே சேணக் கடை மாடியில் கூடினார்கள். "பாவம்டா அந்தம்மா. சொன்னா நம்ம சொத்தா கரைஞ்சுடும்?" என்றான் தலைவன் ஹோரஸ். சட்டப் புத்தகம் என்று எல்லோரும் கேலி செய்கிற ஜோசயா மட்டும், "விதின்னு ஒண்ணு இருக்கில்ல," என்று முனகினான். ஆனாலும் சரி என்றான்.

வழக்கம்போலப் பெட்டி சுற்றி வந்தது. சம்மதம் என்றால் வெள்ளைக் குண்டு, இல்லையென்றால் கறுப்பு. யார் எதைப் போட்டார்கள் என்று யாரும் பார்க்க முடியாது, ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் காரியம் நடக்காது. லெமுவெல் பெட்டிக்குள் கையை விட்டான். வெள்ளையைத்தான் எடுத்து வந்திருந்தான். கறுப்பையும் எடுத்து வந்திருந்தான்.

ஹோரஸ் பெட்டியைக் கவிழ்த்தான். வெள்ளைகளுக்கு நடுவில் ஒரு கறுப்பு உருண்டது.

"உன் வேலைதானே?" என்று எல்லோரும் ஜோசயாவின்மேல் பாய்ந்தார்கள். "நீயெல்லாம் ஒரு தாய் வயித்துலதான் பொறந்தியா?"

"சத்தியமா நான் இல்லடா," என்றான் ஜோசயா. யாரும் நம்பவில்லை. அவன் லெமுவெலைப் பார்த்து, "நீயாவது சொல்லேன்," என்றான். லெமுவெல் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினான். தன்னைப்போல ஒரு கோழையை அவன் அதுவரை பார்த்ததில்லை.

திருமதி டிரிப் வாசலிலேயே காத்திருந்தாள். அவன் நடந்து வந்த தினுசிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒருத்தருக்குச் சம்மதம் இல்லம்மா."

"சரி விடு," என்றாள். "இவ்வளவு பத்திரமா காப்பாத்தறீங்கன்னா பெரிய விஷயமாத்தான் இருக்கும். நல்ல வார்த்தைதானே தம்பி?"

"நல்ல வார்த்தைதாம்மா."

"என் புள்ள எழுதினதா?"

"அவன்தான் எழுதினான்."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைப் பார்த்தபோதுதான் லெமுவெலுக்குச் செத்துவிடலாம்போல இருந்தது. அவள் பையிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"கல்லறைக் கல்லுல அவன் பேருக்குக் கீழ இந்த மூணையும் வெட்டச் சொல்லப் போறேன். கல்தச்சனுக்கு இந்த எழுத்து தெரியாது, கோணலாக்கிடுவான். நீயே பெரிசா எழுதிக் குடு."

லெமுவெல் படியில் உட்கார்ந்து, தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய சொல்லை மனசுக்குள் சொல்லிக்கொண்டே எழுதினான். நண்பன். கைவிடப்படுவது. எவனுமில்லை. வட்டம் சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடியும் போட்டான்.

அவள் தாளை வாங்கிப் பார்த்து, நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"தனியாவே போயிட்டான் தம்பி," என்றாள். "என்ன அர்த்தமோ, இதுவாச்சும் அவன்கூட இருக்கட்டும்."