வியாழக்கிழமைக் கசடு

கசடின் வயது தப்பாக வந்துவிட்டது. இரும்பு உருக்கும்போது ஒழுகி உறைகிற கழிவு அது. அகழாய்வுக் குழியில் இரண்டு மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. ஒட்டியிருந்த கரித்துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். உருக்கிய நேரம் வரும் வியாழக்கிழமை, மாலை நான்கு மணி என்று பதில் வந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

நான் முப்பது வருஷம் ஃபவுண்டரியில் உலை பார்த்தவன். இப்போது இந்தக் குழியில் கசடு பிரிக்கிறேன். எனக்குக் குழப்பம் ஒன்றும் இல்லை. தேதி போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு உருக்கிவிட வேண்டியதுதான்.

குழிக்குப் பொறுப்பு அங்கயற்கண்ணி. ஆறு வருஷம் அலைந்து அனுமதி வாங்கிய பெண்.

"உருக்கலைன்னா என்னாகும் அண்ணாச்சி?"

"கசடு இருக்காது. குழியை மூடச் சொல்லுவாங்க."

"அப்ப கரி வாங்கணுமே."

"வாங்கு. பேசிக்கிட்டே நிக்காத."

குழிக்குள்ளேயே களிமண் உலை கட்டினேன். துருத்தி மிதிக்க மாடத்தி வந்தாள். மண் சுமக்கிறவள். வாய் சும்மா இருக்காது.

"அந்தக் காலத்துல உருக்கினவனும் உங்கள மாதிரிதான் சிடுசிடுன்னு இருந்திருப்பான் என்ன?"

"அந்தக் காலத்துல யாரும் உருக்கலை. இன்னைக்குத்தான். மிதி."

நான்கு மணிக்குக் கசடு ஒழுகியது. அதே வடிவம். ஓரத்தில் எருமைக் காது மாதிரி அதே மடிப்பு. பழைய கசடு வைத்த பெட்டியைத் திறந்தேன். காலி. நியாயம்தான். ஒரு கசடு இரண்டு இடத்தில் இருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்தார். கசடைத் தொட்டார். விரலை உதறினார்.

"இன்னும் சுடுதே. தேதி சரிதாம்மா. ஆனா நேத்து செஞ்சது. பழசு இல்லாத குழிக்கு அனுமதி கிடையாது. நாலு மணிக்குள்ள மூடிருங்க."

"எத்தனை வருஷம் சார் வேணும்?"

"ரெண்டாயிரத்துக்கு மேல."

அங்கயற்கண்ணி தன்னிடமிருந்த ஆறு வருஷத்தையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் மண்வெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றரைக்குக் குழி ஓரமாக ஒரு டவுன் பஸ் நின்றது. பின்படி வழியாக வருஷங்கள் இறங்கின. பாதிக்குத் தூக்கம் கலையவில்லை. பஞ்சத்து வருஷங்கள் ஒல்லியாக இருந்தன. அவற்றைக் கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"உங்க ஸ்டாப்புல இறங்க வேண்டியதுங்க. தூங்கி டிப்போ வரைக்கும் வந்துட்டுது. ரெண்டாயிரத்து முந்நூறு. ஆள் குறையாது."

"நேத்தே வந்திருக்கணும்" என்றேன்.

"நேத்து எனக்கு லீவு பெரியவரே."

வருஷங்கள் வரிசையாகக் குழிக்குள் இறங்கி, கசடின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. இடம் போதுமானதாகவே இருந்தது. மேலதிகாரி கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. அனுமதியில் கையெழுத்துப் போட்டார். அங்கயற்கண்ணி மண்வெட்டியிலிருந்து எழுந்தாள். மாடத்தி எல்லோருக்கும் டீ ஊற்றினாள். வருஷங்கள் வேண்டாம் என்றன.

அறிக்கையில் நன்றி சொல்ல வேண்டும். கண்டக்டரிடம் பெயர் கேட்டேன். விசில் ஊதிவிட்டு, நகரும் பஸ்ஸிலிருந்து சொன்னார். எங்கள் பக்கத்துக் காவல் சாமியின் பெயர். சங்கிலிபூதத்தான்.